எட்டு நிமிட வாசல்

அப்பா சென்னைக்கு வரச் சம்மதித்த அன்றே பட்டியல் போட்டுவிட்டேன். நான் அங்கே லிப்ட் பராமரிப்பில் இருக்கிறேன். எதையும் வரிசை எண் போட்டுச் சரிபார்த்தே பழக்கம். மொத்தம் பதினோரு இடங்கள். அவற்றில் நான்கை ஒரே நாளில் காட்டிவிடும் 'சினிமா நகரச் சுற்றுலா' பேருந்தில் இரண்டு இருக்கைகளும் பிடித்துவிட்டேன். பட்டியலை போனில் வாசித்துக் காட்டியதும் அப்பா கேட்டது ஒன்றைத்தான்.

"அந்தத் தம்பி ஊடு இருக்குதா கண்ணு?"

இருந்தது. நான்காவது இடம்: பிரபல நடிகரின் இல்லம், எட்டு நிமிடம்.

சில வருடங்களுக்கு முன், அந்த நடிகரின் படப்பிடிப்பு கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டில் உள்ள எங்கள் சாமைக் காட்டில் நடந்தது. மழை பிடித்துக்கொள்ள, அவர் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது, "சென்னை வந்தா வீட்டுக்கு வாங்கப்பா" என்றார். படத்தில் எங்கள் காடு நான்கு விநாடி வந்தது. அதையும் பனி மறைத்தது.

எங்கள் பக்கம் இப்படியொரு வழக்கம். நம் வீட்டில் சாப்பிட்டவரின் ஊருக்குப் போய்விட்டு, அவர் வீட்டை எட்டிப் பார்க்காமல் திரும்பக் கூடாது. அது அவருக்குச் செய்யும் அவமரியாதை. வெறுங்கையோடும் போகக் கூடாது. அப்பா டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, ஒரு முழுப் பலாப்பழத்தைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். நடிகர் 'வீட்டுக்கு வாங்க' என்றது கிளம்பும்போது வாசலில் சும்மா சொன்ன பேச்சு, யாரும் எல்லோரிடமும் சொல்வது என்று நான் விளக்கினேன்.

"சோறு தின்னுட்டுச் சொன்ன பேச்சு கண்ணு" என்றார் அப்பா.

சுற்றுலாப் பேருந்தில் பலாவுக்குத் தனி இருக்கை தேவைப்பட்டது. மதியத்துக்குள் அது பழுக்கத் தொடங்கிவிட்டது. முதல் இடம், ஒரு காலத்தில் பெரிய ஸ்டுடியோ இருந்த இடம். இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. "இங்கேதான் எத்தனையோ வெள்ளிவிழாப் படங்கள்" என்று வழிகாட்டி கையை நீட்டினார். நாற்பது பேரும் யாரோ பால்கனியில் காயப்போட்டிருந்த போர்வையைப் படம் எடுத்தோம். இரண்டாவது, சினிமாக்காரர்கள் சாப்பிட வரும் ஓட்டல். அன்று விடுமுறை. மூன்றாவது, கோர்ட் செட். நீதிபதி நாற்காலி, கூண்டு, ஒரே ஒரு சுவர். அப்பா பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பின்னாடி வெறும் மூங்கிலுதானுங்க இருக்குது. இதுல உக்காந்துக்கிட்டா அத்தன பேருக்குத் தூக்கு குடுத்தாங்க?"

வழிகாட்டி சிரிக்கவில்லை. அவருக்கு நேரமாகிவிட்டது.

நடிகரின் இல்லம் என்பது ஒரு கேட். பத்தடி உயரம், கறுப்பு வண்ணம், மேலே இரண்டு கேமரா. வீடு தெரியாது. கேட்டுக்கு முன்னால் நின்று எல்லோரும் செல்பி எடுத்தார்கள். அப்பா தோளில் சாக்கோடு நேரே காவலாளியிடம் போனார்.

"ஏனுங்க, தம்பி இருக்காப்லீங்களா?"

"எந்தத் தம்பி?"

"இந்த ஊட்டுத் தம்பிதானுங்க. கொல்லிமலையிலிருந்து வந்திருக்கேன்னு சொல்லுங்க, தெரியும். நம்மூட்டுல சாப்பிட்டிருக்காப்ல."

"பெரியவரே, டெய்லி நாலு பேரு இதையே சொல்றான். நேத்து ஒருத்தன் மச்சான்னே வந்தான். சாக்குல இன்னா?"

"பலாப்பழமுங்க."

"அத்தப் பிரிச்சுக் காட்டு."

அப்பா பிரித்துக் காட்டினார். கேமரா ஒன்று எங்கள் பக்கம் திரும்பியது. காவலாளி உள்ளே போன் செய்தார். உள்ளிருந்து வந்த பதில், பழம் வாங்குவதில்லை. அதே நேரம் கேட் திறந்து, கறுப்புக் கண்ணாடி ஏற்றிய கார் ஒன்று வெளியே வந்தது. பேருந்துக் கூட்டம் ஓடியது. அப்பா கையைத் தூக்கினார். கார் நிற்கவில்லை.

"பாத்துட்டோம்" என்று பெண்கள் இருவர் கைகோத்துக் குதித்தார்கள்.

"கண்ணாடியத்தானுங்க பாத்தோம்" என்றார் அப்பா.

கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவருவதும் எங்கள் வழக்கத்தில் கிடையாது. அப்பா சாக்கைக் காவலாளியின் நாற்காலிக்குக் கீழே வைத்தார். "நீங்க சாப்பிடுங்க சாமி. நாளைக்கு நல்லாப் பழுத்துரும்" என்றார். அந்த மனிதர் முதல்முறையாக எழுந்து நின்றார். வழிகாட்டி விசில் ஊதினார். எட்டு நிமிடம் முடிந்திருந்தது. மிச்சமிருந்த ஏழு இடங்களை அப்பா வேண்டாம் என்றார். நான்காவதுக்கு நேராக டிக் போடுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஊர் திரும்பியதும் டீக்கடையில் கேட்டார்கள். ஒரு வாரம் லீவு போட்டுக் கூட வந்திருந்த நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஆளு ஊட்டுல இல்லீங்க" என்றார் அப்பா. அத்தோடு முடித்துக்கொண்டார். நடிகரின் மரியாதை தப்பித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு முன் ஒரு வேன் நின்றது. படம் எடுத்த காட்டைத் தேடி வருகிறவர்கள் அவ்வப்போது உண்டு. அப்பா அவர்களை உள்ளே அழைத்து உட்காரவைத்துவிடுவார், அம்மா அடுப்பு பற்றவைப்பாள். அன்று அப்பா வேலி வாசல் படலைச் சாத்தி அதன் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"வெளியே நின்னே பாத்துக்குங்க. எட்டு நிமிசம்."

அவர்களுக்கு அதில் வருத்தமே இல்லை. படலுக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் அப்பாவைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னார். அப்பா நின்றார். ஐந்தாவது நிமிடம் அவருக்கே பொறுக்கவில்லை. படலைத் திறந்தார்.

"சரி, உள்ள வாங்க சாமி. ஒருவாய் சாப்பிட்டுப் போவீங்களாமா."

"ஐயோ, டைம் இல்லீங்க. அடுத்து வாசலூர்பட்டி போட் ஹவுஸ் இருக்கு" என்று அந்தப் பெண் போனை உயர்த்திக் காட்டினார். திரையில் வரிசை எண் போட்ட பட்டியல். எங்கள் வீட்டுக்கு நேராக டிக் விழுந்திருந்தது.

வேன் போன பிறகும் அப்பா படலைச் சாத்தவில்லை.

"எல்லாரும் உன்னையாட்டமே எழுதிக்கிட்டு வாராங்க கண்ணு" என்றார்.