இன்னொருவர் இருந்த கதிரை

பிற்பகல் இரண்டரைக்கு ஆட்டம் தொடங்கியது. லண்டனில் எங்கள் உதைபந்தாட்டக் கழகம் கட்டிய புது மைதானத்தில் அன்று அமெரிக்க அணிகளின் ஆட்டம், முட்டைவடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அவர்களுடைய உதைபந்தாட்டம். கழகத்தின் புல்தரையைப் பார்வையாளர் மேடைக்கு அடியில் தள்ளிவிட்டுச் செயற்கைத் தரை விரித்திருந்தார்கள். என் பக்கத்தில் கழகத்தின் மப்ளர் சுற்றிய ஒரு தமிழர், ஐம்பது வயதிருக்கும். ஆட்டத்தை அவர் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்தவரின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் சாய்ந்து காலை நீட்டினால் இவர் முகம் கறுத்தது.

“ஆட்டம் விளங்குதோ அண்ணை?” என்று கேட்டேன்.

“ஒண்டும் விளங்கேல்லை. முன்னால உவன் இருக்கிறது என்ர சீசன் டிக்கெட் சீற், கழகத்தின்ர மட்ச் எல்லாத்துக்கும் நான் இருக்கிற இடம். இண்டைக்கு இவனுக்கு வித்துப்போட்டாங்கள்.”

“பிறகேன் வந்தனீங்கள்?”

“ஆர் இருக்கிறானெண்டு பாக்க.”

இடைவேளைக்கு எழுந்துபோன அந்த ஆள் திரும்பி வரவில்லை. கதிரை கடைசிவரை காலியாகக் கிடந்தது. மப்ளர்காரர் போய் அதில் உட்காரவில்லை.