ஐயம்பேட்டையில் மூன்று பானைத் தண்ணீர்

ஊர் ஊராகப் போய்க் குளத்துப் பாசியை வடிகட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. பாசிகூடச் சொன்ன பேச்சைக் கேட்கும், ஜனங்கள்தான் கேட்க மாட்டார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். தற்காலிக வேலையில் திண்டாடியவர்களுக்கு என் பாடு புரியும். மூன்று மாதம் கழித்து அதிகாரி வந்து தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார். திருப்தி என்றால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நானோ நிரந்தர வேலை என்று புளுகிக் கல்யாணமும் பண்ணிக்கொண்டிருந்தேன்.

மணலுக்குச் சீயக்காய்

ஐயம்பேட்டையில் நெசவாளி முனுசாமி வீட்டில் முதல் வடிகட்டி. மேல் பானையில் பாலாற்று மணல், நடுப்பானையில் கரி, கீழ்ப் பானையில் சுத்தத் தண்ணீர் வந்து விழும். மணல்மேல் வழவழவென்று ஓர் ஏடு படியும், அதுதான் பாசியைப் பிடிக்கும், தொடவே கூடாது என்று தலைதலையாய் அடித்துக்கொண்டு சொன்னேன்.

அடுத்த வாரம் போனால் கீழ்ப் பானையிலும் பச்சை! முனுசாமியின் மனைவி குப்பம்மாள், வெள்ளிக்கிழமை தலை முழுகிய கையோடு மணலையும் சீயக்காய் போட்டு அலசி, பானைக்குக் குங்குமமும் வைத்திருந்தார். நான் பல்லைக் கடித்தேன். அந்தம்மாள் விடவில்லை: “அழுக்கு ஏறிக்கினு இருக்குது, அதுல வடிஞ்சத குடின்றியே, நீ இன்னா படிச்சிட்டு வந்தபா?”

கரி போன வழி

புது மணல் போட்டு, ஏடு படியக் காத்திருந்தேன். இப்போது தண்ணீரில் பாசி வாடை. நடுப்பானையைத் திறந்தால் பாதிக் கரியைக் காணோம். தெருவே ஆளுக்கொரு துண்டு எடுத்துப் பல் விளக்கியிருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் கறுத்த வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னார்: “கவர்மெண்டு கரி நல்லாத்தான் இருக்குது சார், கொஞ்சம் உப்பு சேத்துக் குடுத்தா தேவல.”

அதிகாரி கேட்ட ஒரு தம்ளர்

புதுக் கரி போட்டு, பானை இடுக்கையெல்லாம் களிமண் வைத்து அடைத்தேன். தண்ணீர் கண்ணாடியாக இறங்கியது. அப்பாடா என்றிருந்தது. அதிகாரியும் வந்தார், ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டார். கீழ்ப் பானையைச் சாய்த்தால் ஒரு சொட்டு இல்லை!

குப்பம்மாள் குளத்துத் தண்ணீரை மொண்டு நீட்டினார். அதைப் பிடுங்கிக் கொட்டிவிட்டு, வடிந்த தண்ணீரைத் தேடிக் கொல்லைக்கு ஓடினேன். அங்கே முனுசாமி, கொதிக்கும் சாய அண்டாவில் பட்டு நூலை முக்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து வடிந்ததெல்லாம் அந்த அண்டாவில்தான். “யோவ், அது குடிக்கிற தண்ணியா!” என்று கத்தியே விட்டேன். அவர் அசரவில்லை. “பாசித் தண்ணில முக்குனா அரக்குச் செவப்பு மங்கிப்பூடும் சார். எங்க வயிறு தாங்கும், பட்டு தாங்காது.”

பின்னாலேயே வந்த அதிகாரி நூலை வெயிலில் பிடித்துப் பார்த்தார். எங்கும் ஒரு திட்டு இல்லை. என் வேலை போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் முனுசாமியின் தோளைத் தொட்டுக் கேட்டார்: “ஏம்பா, இதே அரக்குல எங்க வீட்டம்மாவுக்கு ஒரு புடவை எப்ப நெய்து தருவ?”

மனிதர் வாயில் ஒரு சொட்டுகூடப் படாத குடிநீருக்கு ‘திருப்தி’ என்று எழுதி வாங்கி வேலையில் நிரந்தரமானவன், அநேகமாக நான் ஒருவன்தான்.