ஃபீபி சொன்ன தண்ணீர்

ஃபீபி வாணியம்பாடியில் ஒரு தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். தெருவில் அவள் சொன்னால் சொன்னதுதான். இரண்டு வருடம் முன்பு தெருமுனையில் போர் போட்டபோது, உப்பு காட்டும் மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல தண்ணி, தாராளமா குடிங்க" என்றாள். உப்புக் கரிக்காத தண்ணீருக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கேன் தண்ணீர் வாங்கியவர்களைக்கூட அவளே கேலி செய்து நிறுத்தினாள். இப்போது முப்பது வீடும் போர்த் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

போன வாரம் கூடத்துக்குப் புதுக் கருவி வந்தது. ஊரிலுள்ள தோல் ஷாப்புகளில் தோல் பதனிடும் குரோமியம் தண்ணீரில் கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும். அதிலுள்ள விளக்குக்குள்ளும் குரோமியம்தான். மின்சாரம் பாய்ந்ததும் அதன் அணுக்களில் எலக்ட்ரான்கள் மேல்படிக்கு ஏறும். இறங்கும்போது, இறங்கிய உயரத்துக்கேற்ற ஒளியை விடும். படிகளின் உயரம் தனிமத்துக்குத் தனிமம் வேறு. ஆகவே கருவியின் சுடரில் தெளிக்கும் தண்ணீரில் குரோமியம் இருந்தால், அதன் அணுக்கள் அந்த ஒளியை விழுங்கி மேலே ஏறும். உப்பு அதைத் தொடாது. எவ்வளவு ஒளி குறைகிறதோ அவ்வளவு குரோமியம். நாக்குக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

காய்ச்சி வடித்த தண்ணீரை வைத்தாள்: பூஜ்யம். பிறகு, தான் குடிக்கக் கொண்டுவந்த வீட்டுத் தண்ணீரை விளையாட்டாக வைத்தாள். ஒளி சட்டென்று குறைந்தது. அனுமதித்த அளவைப் போல எட்டு மடங்கு.

"மிஷின் பேஜார் பண்ணுது டைட்டஸ்!" என்று கத்தினாள்.

கூட வேலை பார்க்கும் டைட்டஸ் வண்டியில் போய், போரிலிருந்தே புதிதாகப் பிடித்து வந்தான். அதே எண்.

"மிஷின் சரியாத்தான் கீதுக்கா," என்றான்.

ஃபீபி எதிர்வீட்டு அம்பிகாவுக்குப் போன் போட்டாள்.

"அம்பிகா, போர்த் தண்ணிய யாரும் குடிக்காதீங்க. எல்லார்கிட்டயும் சொல்லு."

"இன்னாக்கா, உப்பு ஏறிடுச்சா?"

"உப்பு இல்லடி. தோல் ஷாப் மருந்து. நான் அன்னிக்கு உப்ப மட்டும்தான் பாத்தேன். தப்பு என்னோடது."

அம்பிகாவின் குழந்தைக்கு ஏழு மாதம்; பிறந்ததிலிருந்து புட்டிப்பால்.

"அக்கா, நான் நல்லா கொதிக்க வெச்சுதான் பால் பவுடர் கலக்குறேன். கொதிச்சா போய்டும்ல?"

"போவாது அம்பிகா," என்றாள் ஃபீபி.