காட்டில் அழுதது யார்?

நண்பன் ரூபனோடு மெல்பேர்ணுக்குப் போயிருந்தபோது, காட்டில் டென்ட் அடித்துத் தங்கலாம் என்று என்னை உசுப்பிவிட்டவன் அவன்தான். புறப்படும் காலையில், "எனக்கு ஏலாது மச்சான், நீ போ" என்றான். தனியாகப் போனேன்.

இன்று பாரிஸின் லா சப்பல் பகுதியில் ஒரு தேநீர்க் கடைக்குள் நுழைந்தால், ரூபன் கதை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"யூக்கலிப்டஸ் மரத்துக்குக் கீழை டென்ட் அடிக்கக்கூடாது அண்ணை. பெரிய கொப்பு முறிஞ்சு எனக்குப் பக்கத்திலை விழுந்தது. விடியும்வரை தனிய இருந்து அழுதனான்."

அழுதது நான். அதை அவனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

என்னைக் கண்டும் அவன் அசையவில்லை. "இவனையும் கூப்பிட்டனான், பயத்திலை வரேல்லை."

எல்லாரும் சிரித்தார்கள். தேநீர் குடிக்காமலே வெளியேறினேன்.

கோடையில் டென்ட் அடிக்கத் தெற்கே பிரெனே மலைக்குப் போகிறேன். யாராவது கூட வருகிறீர்களா? சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டும்.