வீடு தேடிப் போன டீச்சர்

எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘போலீஸ்’. பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்தால் போதும், வகுப்பைப் பக்கத்து அறையில் பாடம் நடத்தும் என் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். கட்டிலுக்கடியில் ஒளிந்தவனையும் காதைப் பிடித்து இழுத்து வருவார். வரும் வழியில் அவன் பையைச் சுமப்பதும் அவர்தான்.

காரணம் இருந்தது. பள்ளிக்குப் பின்னால் கல் உடைக்கும் ஆலை. பள்ளிக்கு மட்டம் போட்டுப் பழகிய பிள்ளைகள் மெல்ல அங்கே வேலைக்குப் போய்விடுவார்கள். பிறகு யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார்கள். அப்படிப் போகவிருந்த பலரை அவர் மீட்டார். எனக்கு அதில் பொறாமைகூட உண்டு.

அந்த ஆலையின் தூசி மட்டும் யாரும் கூப்பிடாமலே வகுப்புக்கு வரும். காலையில் துடைத்த பெஞ்சில் மதியம் மாவு சலித்ததுபோல் படிந்திருக்கும். ஜன்னலைச் சாத்தினால் வெந்து சாக வேண்டும், திறந்தால் இருமிச் சாக வேண்டும். புகார் கொடுத்துக் கொடுத்து எங்கள் தலைமை ஆசிரியரின் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

டீச்சர் வகுப்பில் ஒரு வாயாடி இருந்தாள், தையல்காரம்மாவின் மூத்த மகள். மூச்சிழுப்பு வந்தால்தான் அவள் வாய் ஓயும். ஒருநாள் அவள் வரவில்லை. டீச்சர் வழக்கம்போல் அவள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

“ராத்திரியெல்லாம் இழுத்துச்சு டீச்சர். இன்னிக்கு ஒருநாள் விட்டுடுங்களேன்” என்றார் தையல்காரம்மா.

“வீட்ல படுத்திருந்தா மட்டும் சரியாயிடுமாம்மா? அங்க வந்தா நாலு பிள்ளைங்களோட பேசிச் சிரிச்சு மறந்துடுவா. நான் பார்த்துக்கறேன்.”

மதியத்துக்கு மேல் காற்று எங்கள் பக்கம் திரும்பியது. எதிரிலிருந்த மரம் தெரியாத அளவுக்குத் தூசி. வாயாடியின் உதடு நீலம் பாரித்தது. இன்ஹேலரை அழுத்தி அழுத்திப் பார்த்தோம், மூச்சு பிடிபடவில்லை. டீச்சர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலுடன் ரோட்டில் ஓடினார். நான் பின்னாலேயே ஓடி ஓர் ஆட்டோவை மறித்தேன். ஆஸ்பத்திரி வாசலை அடையுமுன் குழந்தையின் மூச்சு அவர் தோளிலேயே அடங்கிவிட்டது. பாழாய்ப்போன ஆலை அன்றும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அதன்பிறகு டீச்சர் யார் வீட்டுக்கும் போகவில்லை. காலி இடங்களைப் பார்த்தபடியே பாடம் நடத்தினார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த ஆண்டு இளையவள் மூன்றாம் வகுப்புக்கு வந்தாள். முதல் நாள் தையல்காரம்மாவே அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது.

“இவளை என்கிட்ட விடாதீங்கம்மா. வேற ஸ்கூல்ல சேர்த்துடுங்க.”

“வேற எங்க போறது டீச்சர்? வீட்லயும் இதே தூசிதானே.”

இளையவள் இருமினாள். தையல்காரம்மா அவள் முதுகை நீவிக்கொண்டே சொன்னார்: “பெரியவளைத் தூக்கிட்டு ஓடுனது நீங்கதான். இவளைத் தூக்கிட்டு ஓடவும் ஒரு ஆள் வேணும் டீச்சர்.”