கடற்கரை சும்மா இருந்த கதை

பசுவந்தனையில் கடற்கரை என்ற ஆளுக்கு ஊர் கொடுத்த பட்டம் ‘சும்மா இருக்கான்’. காலேஜ் கொடுத்த பி.எஸ்சி.யை விட இதுதான் நிலைத்தது. விடிந்தால் காட்டில் மிளகாய்ப் பழம் பறிப்பான். பொழுது சாய்ந்தால் தீப்பெட்டி பண்டல்களை லாரியில் ஏற்றுவான். இடையில் எவன் வீட்டு மோட்டார் படுத்தாலும் எழுப்பிவிடுவான். இருந்து என்ன? கையெழுத்துப் போட்டு மாசச் சம்பளம் வாங்காதவன் கரிசல் காட்டில் சும்மா இருப்பவன்தான். ஆபீஸ் ஃபேனுக்கு அடியில் குறட்டை விடுகிறவன் வேலைக்குப் போகிறவன். என்ன நியாயமோ!

1997இல் சென்னையின் பெரிய கம்பெனி ஒன்று, தூத்துக்குடியில் திறக்கப்போகும் ஆலைக்கு ஸ்டோர் சூப்பர்வைசர் எடுக்கக் கோவில்பட்டி லாட்ஜில் இன்டர்வியூ வைத்தது. முப்பது வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்களாம். கடற்கரைக்கு அடுத்த மாசம் முப்பது முடிகிறது. இதை விட்டால் சாகும்வரை கம்பெனி வாசலை மிதிக்க முடியாது.

மச்சினனின் இரவல் ஷூ காலைக் கடிக்க, பஸ்ஸில் நசுங்கிப் போய்ச் சேர்ந்தான். உள்ளே மூன்று ஆபீசர்கள். நடுவில் இருந்தவர் சர்டிபிகேட்டைப் புரட்டினார்.

“டிகிரி முடிச்சு எட்டு வருஷமாச்சே, என்ன செஞ்சீங்க?”

துத்தநாகத்தின் அணு எடை வரை மனப்பாடம் செய்து வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஊரே சொல்லிக் கொடுத்த பதில் தானாக வந்தது.

“சும்மாதான் இருந்தேன் சார்.”

“எட்டு வருஷமுமா?”

“ஆமா சார்.”

“மனைவி என்ன பண்றாங்க?”

“அவளும் வீட்டுல சும்மாதான் இருக்கா சார்.”

குடும்பத்தோடு சும்மா இருக்கும் சாதனையாளனை ஆபீசர்கள் மரியாதையோடு பார்த்தார்கள். “லெட்டர் போடுவோம்” என்றார்கள். போடமாட்டார்கள் என்பது வாசலில் நின்ற பியூனுக்கே தெரியும்.

வீட்டில் பொண்டாட்டி வெள்ளைத்தாய், காலையில் களை எடுத்த கையோடு, தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கால் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தது. அடுப்பில் உலை கொதித்தது. வேலை போன விதத்தைக் கடற்கரை சொன்னான். அவளுக்கு வந்ததே கோபம்!

“ஏங்க, உங்களுக்குக் கூறு இருக்கா? காட்டுல வேகுற வேக்காடு என்ன, பண்டல் தூக்குற தூக்கு என்ன! அதுக்குப் பேரு சும்மாவா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்திய? எடுத்துச் சொல்ல வேண்டியதுதான!”

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். தனக்காகப் பரிந்து பேச ஒரு ஜீவன் இருக்கிறதே என்று கடற்கரைக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வேலை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

“என்னயப் பத்திக் கேட்டாவளா?”

கடற்கரை தண்ணீர்ச் செம்பை எடுத்து அண்ணாந்து குடித்தான்.

“கேட்டாவ.”

“என்ன சொன்னிய?”

செம்பில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஆனாலும் அவன் அதைக் கீழே இறக்கவில்லை. வெள்ளைத்தாய்க்குப் புரிந்துவிட்டது. அடுத்த பெட்டியை எடுத்து ஒட்ட ஆரம்பித்தாள்.