வெள்ளிக்கிழமை மீன்

பலெர்மோவுக்கு வந்து நாலு வருடமாகியும் எனக்குப் பழகாத ஒரு மணம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் தலைமுழுகி, சாமிப்படத்துக்கு முன்னால் விளக்குக் கொளுத்திக் கற்பூரம் காட்டும் நேரம் பார்த்துக் கீழ்வீட்டில் சூடை மீன் பொரிப்பார்கள். மணம் படிவழியே ஏறி வந்து கற்பூரத்தோடு மல்லுக்கட்டும். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்றே தெரியாது; வெள்ளி என்றால் மீன். பல்லரோச் சந்தையிலும் அதே கதைதான். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை மீன்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். இங்கே அன்றைக்குத்தான் தொண்டை கிழியக் கூவுகிறார்கள். பழைய கத்தோலிக்கர் வெள்ளியில் இறைச்சி தொடமாட்டார்கள், அதனால் மீன் சாப்பிடுகிறார்கள். நமக்கு இறைச்சி, மீன், முட்டை எல்லாமே மச்சம். இவர்களோ மீனைக் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். இந்தச் சின்ன வித்தியாசம் என்னை மூன்று வருடம் பொய்க்காரியாக வைத்திருந்தது என்று சொன்னால் ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நானும் இப்போது சிரிக்கிறேன்.

நான் காலை வேளைகளில் வேலைக்குப் போகும் வீட்டு அம்மா, சிஞ்ஞோரா பீனா. எழுபது தாண்டிய விதவை, ஒரே மகள் மிலானோவில். நான் சேர்ந்த புதிதில் அந்த மகள் வந்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை பாணுக்குள் பன்றி இறைச்சியை வைத்து என்னிடம் நீட்டினாள். எனக்கு அன்று தெரிந்த இத்தாலிய மொழி முழுவதும் ஒரு சமையலறைக்குள் அடங்கிவிடும். "வெனெர்தி, கார்னே நோ" என்றேன். வெள்ளிக்கிழமை, இறைச்சி வேண்டாம். வாசலில் நின்ற சிஞ்ஞோரா பீனாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பிராவா!" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு மகளின் பக்கம் திரும்பினார். உலகத்தின் மற்ற முனையிலிருந்து வந்தவள் வெள்ளிக்கிழமை காக்கிறாள், ஞானஸ்நானம் பெற்ற நீ பெரிய வெள்ளியில்கூட மாட்டிறைச்சி தின்கிறாய் என்று கால் மணித்தியாலம் பொழிந்தார். தாயும் மகளும் போட்ட சண்டையில் நான் கையில் கிடைத்த தடியானேன்.

அன்று முதல் வெள்ளிதோறும் பன்னிரண்டு மணிக்கு நான் புறப்படும்போது, சுடச்சுடப் பொரித்த சூடை மீன் ஒரு பொட்டலம் என் கைக்கு வந்தது. இவர்கள் அதை சார்தே என்பார்கள். மீனும் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த மகள் அல்லவா வெற்றி பெறுவாள்! பொட்டலத்தை மூன்று பை போட்டுக் கட்டிக் குளிர்பெட்டியின் கடைசி மூலையில் தள்ளிவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் எடுப்பேன். வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டு வதக்கினால் அருமையாக இருக்கும். இவருக்கு, அதாவது என் கணவருக்கு, வீட்டுக்கு வெளியே விரதம் கிடையாது. ஆனால் விளக்குக் கொளுத்திய வீட்டுக்குள் அவரும் சனிக்கிழமை வரை காத்திருக்கத்தான் வேண்டும். "உம்மடை சாமியும் என்ரை வயிறும் ஒண்டுக்கொண்டு பகை" என்பார். சனிக்கிழமை காலையில் சிஞ்ஞோரா கேட்பார், எப்படி இருந்தது? இன்னும் சாப்பிடாத மீனுக்கு நான் விரல் நுனிகளைக் கூட்டி முத்தமிட்டுக் காட்டுவேன். அதை இங்கேதான் கற்றுக்கொண்டேன்.

ஆனால் அது வெறும் பழக்கத்து விரதம் இல்லை. பயண ஏற்பாட்டில் பிள்ளையைக் கூட்டிவர வழியில்லாமல், மகள் தர்சினியைக் கொழும்பில் என் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். அப்போது அவளுக்கு ஐந்து வயது. வெள்ளவத்தையில் ஓர் அறை. சன்னலைத் திறந்தால் ரயில் தண்டவாளம், அதைத் தாண்டினால் கடல். புறப்படும் கிழமையில் பிள்ளையார் கோவிலில் நின்று, பிள்ளை என்னிடம் வந்து சேரும்வரை வெள்ளியில் மச்சம் தொடமாட்டேன் என்று நேர்த்தி வைத்தேன். எங்கள் வீட்டில் என்னைவிடப் பெரிய மீன் தின்னி அக்காதான். கலியாணம் கட்டாதவள், தையற்கடை வேலை முடிந்து வரும்போது மீன் இல்லாமல் வரமாட்டாள். கோவில் வாசலில் வைத்தே என்னைப் பேசினாள்.

"சாமிக்குக் குடுக்க வேறை ஒண்டும் கிடைக்கேல்லையே உனக்கு? தேங்காய் அடி, தேர் இழு, மீனை ஏன் குடுக்கிறாய்? என்னாலை எண்டால் ஏலாது."

நாலு வருடம் போயிற்று. சிஞ்ஞோரா பீனா கையெழுத்திட்ட தாள்களோடு, வதிவிட அனுமதி தரும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூரா வாசலில் நான் நின்ற காலைகள் எத்தனையோ. கடைசியில் இந்த மார்ச் மாதம் நுல்லா ஓஸ்தா கிடைத்தது. பிள்ளையை அழைத்துக்கொள்ளத் தடையில்லை என்ற தாள். இனிக் கொழும்பில் விசா முத்திரை விழவேண்டும், அவ்வளவுதான். தாளைக் காட்டியதும் சிஞ்ஞோரா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு அறிவித்தார்: "வெள்ளிக்கிழமை உன்னையும் உன் கணவரையும் மொந்தெல்லோவுக்குக் கூட்டிப்போகிறேன். கடற்கரையில், மேசையில் இருந்து, மீன் சாப்பிடப் போகிறோம்!"

அன்று எனக்கு நித்திரையில்லை. கடைசிப் படியில் நின்றுகொண்டு நேர்த்தியை முறித்தால் விசா தவறிவிடுமோ என்ற பயம். முறிக்காவிட்டால், அந்தத் தாள் கையில் கிடைக்கக் காரணமான மனுசியின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

"சாமி குறை நினையாது. சிஞ்ஞோரா நினைப்பா. ரெண்டு வாய் சாப்பிடும்" என்றார் இவர்.

"நீங்கள் சாப்பிடுங்கோ. என்னாலை ஏலாது."

"அப்ப எனக்குப் பக்கத்திலை இரும். உம்மடை தட்டை நான் பாக்கிறன்."

மொந்தெல்லோவில் அன்று நல்ல வெயில், குளிர்ந்த காற்று. சதுக்கத்தில் பேய்க்கணவாயைப் பெரிய அண்டாவில் அவித்து, நின்றபடியே வெட்டித் தின்றுகொண்டிருந்தார்கள். சிஞ்ஞோரா எங்களைத் தண்ணீருக்குக் கிட்ட இருந்த ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். அதன் சமையற்காரரும் முதலாளியும் ஒருவரே, பெயர் தொன் மிம்மோ. மூன்று வருடமாக நான் பரிமாறிய மனுசி, இப்போது எனக்கு எதிரே அமர்ந்து என் குவளையில் தண்ணீர் ஊற்றினார். முதல் தட்டு வந்ததும் என் கால்கள் தாமாக எழுந்துவிட்டன, வாங்கிவைக்க. சிஞ்ஞோரா சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினார்.

பிறகு வந்தன. எலுமிச்சைச் சாற்றில் ஊறிய நெத்தலி, பொரித்த கணவாய் வளையம், மட்டி, இறால். எனக்கு வாயூறியதை மறைக்கப்போவதில்லை. சிஞ்ஞோரா கடலைப் பார்க்கும் நேரமெல்லாம் இவர் என் தட்டிலிருந்து எடுத்து விழுங்கினார். திட்டம் நன்றாகத்தான் இருந்தது, ஒரு பிழையைத் தவிர. என் தட்டு வெறுமையானதைக் கண்ட சிஞ்ஞோரா, "பாவம், என்ன பசி!" என்று இரட்டிப்பாக அள்ளி வைத்தார். மூன்றாம் முறை இவரின் கண் பிதுங்கிவிட்டது. "இஞ்சாரும், இனி ஒரு மட்டியும் இறங்காது" என்று காதுக்குள் முனகினார். அந்த நேரம் பார்த்து தொன் மிம்மோ சுட்ட முழு மீன் ஒன்றைத் தானே தூக்கிவந்து, விருந்தாளிக்கு என்று என் முன்னால் வைத்தார். கைகளைக் கட்டிக்கொண்டு, நான் முதல் வாய் வைப்பதைப் பார்க்க நின்றார்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். எப்படிச் சொல்வது என்று தேடியபோது டிசம்பர் மாதம் ஞாபகம் வந்தது. சாந்த லூச்சியா என்ற புனிதையின் நாளில் சிஞ்ஞோரா பாணும் பாஸ்தாவும் தொடமாட்டார். என்னையும் தொட விடமாட்டார்.

"சிஞ்ஞோரா," என்றேன், "நீங்கள், சாந்த லூச்சியா, பாணே நோ. நான், வெனெர்தி, பெஷ்ஷே நோ."

பெஷ்ஷே என்றால் மீன். சிஞ்ஞோரா என்னையும் மீனையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எப்போதுமா?"

"எப்போதும்."

"நான் தந்த சார்தே?"

"சனிக்கிழமை" என்றேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

சிஞ்ஞோரா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஆறிப்போனதையா? மூன்று வருடமாக என் சார்தேயை ஆறவிட்டா தின்றாய்?" கோபம் முழுவதும் அதற்குத்தான்! வெங்காயம், மிளகாய், வதக்கல் என்று இவர் இடையில் புகுந்து எனக்காக வாதாடினார். அது ஒன்றும் எடுபடவில்லை. ஏன் சொல்லவில்லை, எதற்காக இந்த விரதம் என்று சிஞ்ஞோரா கேட்டபோதுதான் நேர்த்தியைச் சொன்னேன். பிள்ளை வரும்வரை. அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது. சிஞ்ஞோரா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். பிறகு மீன் தட்டைத் தூக்கி இவருக்கு முன்னால் வைத்தார். இவர் பெருமூச்சு விட்டார்.

"மிம்மோ, இவளுக்கு சார்தே ஆ மாரே செய்."

அது என்னவென்று தொன் மிம்மோதான் விளக்கினார். சூடை மீன் போட்டு ஒரு பாஸ்தா இங்கே பேர்போனது. மீன் வாங்க வழியில்லாத வீடுகளில் மற்ற எல்லாவற்றையும் போட்டு அதே மாதிரிச் சமைத்து, பெயரையும் அப்படியே வைத்துக்கொள்வார்களாம். மீன் எங்கே என்று கேட்டால் கடலில் என்று சொல்வார்களாம். சார்தே ஆ மாரே என்றால் அதுதான். ருசிக்கு ஒரே ஒரு நெத்தலி போடட்டுமா என்று அவர் சின்ன விரலைக் காட்டிக் கெஞ்சினார். கரைந்துவிடும், கடவுளுக்கே தெரியாது என்றார்.

"கடவுளுக்குத் தெரியும்!" என்று அதட்டினார் சிஞ்ஞோரா.

காட்டுப் பெருஞ்சீரகக் கீரை, முந்திரிகை வற்றல், குங்குமப்பூ, மேலே வறுத்த பாண்தூள். ஊரில் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சும்போது சைவக்காரருக்கு என்று தனிச்சட்டி வைப்பார்கள். நண்டும் மீனும் தவிர எல்லாம் இருக்கும். அதைக் குடிப்பவர்களின் கண் மற்றச் சட்டியில் இருக்கும். என் கண் அன்று வேறெங்கும் போகவில்லை. வழித்துச் சாப்பிட்டேன். சந்தோசமாக இருந்தது. நாலு வருடத்தில் இந்த நாட்டில் ஒரு மேசையில் பொய்யில்லாமல் இருந்து சாப்பிட்டது அன்றுதான்.

ஆகஸ்ட் மாதம் தர்சினி வந்து சேர்ந்தாள். ஒன்பது வயது, என் தோள்வரை உயரம். முதல் கிழமைகளில் விருந்தாளியிடம் கேட்பதுபோல என்னிடம் தண்ணீர் கேட்டாள். இப்போது கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு படியில் இருந்து கத்துகிறாள், சண்டை பிடிக்கிறாள், நிம்மதி. நேர்த்தி முடிந்துவிட்டது, இனிச் சூடாகச் சாப்பிடலாம் என்று சிஞ்ஞோரா மறுபடியும் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார். அதற்கு முந்திய ஞாயிறு நான் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அக்கா, வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடப் போறன்."

"சாப்பிடு, சாப்பிடு. எனக்கும் சேத்துச் சாப்பிடு."

"ஏன், வெள்ளவத்தையிலை மீன் இல்லையே?"

"நான் வெள்ளியிலை விட்டிட்டன்" என்றாள் அக்கா.

"எப்ப தொட்டு?"

"பிள்ளையைப் பிளேன் ஏத்தின கிழமை தொட்டு. அவள் ஒருக்கால் திரும்பி வந்து என்ரை முன்னாலை இருக்கிறவரைக்கும். நீ வைச்சது பலிச்சதுதானே."

என் பிள்ளையை நான் வாங்கிக்கொண்டபோது அது இன்னொருத்தியின் கையிலிருந்து வந்தது என்பதை அதுவரை நான் ஒழுங்காக நினைத்துப் பார்க்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை அதே மேசை, அதே கடல். தொன் மிம்மோ பிள்ளைக்கென்று சூடை மீனைப் பொரித்துச் சுடச்சுடக் கொண்டுவந்தார். நான் சார்தே ஆ மாரே கேட்டேன்.

"பிள்ளைதான் வந்துவிட்டாளே!" என்றார் சிஞ்ஞோரா.

"என் அக்கா" என்றேன். மேற்கொண்டு அவர் கேட்கவில்லை. நெத்தலி போடாதே என்று மட்டும் அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்.

தர்சினி என் தட்டை எட்டிப் பார்த்தாள். "அம்மா, உங்கடை மீன் எங்கை?"

"கடலிலை நிக்குது."

"எந்தக் கடலிலை?"

இவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தர்சினி தன் தட்டிலேயே பெரிய மீனாகப் பார்த்து எடுத்து என் தட்டில் வைத்தாள், இவ்வளவு நாளில் அவளாக எனக்குத் தந்த முதல் சாப்பாடு. நான் அதைக் கடதாசித் துவாயில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். சிஞ்ஞோரா கண்டும் காணாததுபோல் இருந்தார்.

"நாளைக்குச் சாப்பிடுவம், பிள்ளை" என்றேன். நாளை சனிக்கிழமை. அக்காவும் மீன் வாங்குவாள்.